தண்ணீர் வேண்டாம் என்றவள்

காலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. பங்குனி வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டுமென்று மரக்காணத்துப் பெண்கள் பாதிப் பேர் அந்நேரம் உப்பளத்தில் இறங்கியிருந்தார்கள். லூர்துமேரி போகவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் கட்டு. தரையில் கிடந்த போன் நடுங்கியபடி நகர்ந்தது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனியால் பச்சையைத் தள்ளிவிட்டு, மண்டியிட்டுக் குனிந்து காதைக் கொண்டுபோய் அதன்மேல் வைத்தாள்.

பேசியது கொழுந்தன் ஞானப்பிரகாசம், புதுச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து. எப்போதும் போல அண்ணி என்று கூப்பிடவில்லை.

"அண்ணன் போயிட்டான்," என்றான். "இப்ப சந்தோசமா இரு."

அவ்வளவுதான். போன் அணைந்த பிறகும் அவள் குனிந்தபடியே கிடந்தாள். இருபத்தைந்து வருடம் தன்னை அடித்த மனிதன் செத்துவிட்டான். அழுவதா, மூச்சு விடுவதா என்று அவள் உடம்புக்கே பிடிபடவில்லை. ஆனால் மனசுக்குள் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகன் அந்தோணிராஜ் இன்றைக்கு வருவான். தெரு முழுக்க ஒரே பேச்சாக இருக்கிறதே, லூர்துமேரிதான் புருசன்மேல் தண்ணீர் ஊற்ற விடாமல் அவனைக் கொல்லப் பார்த்தாள் என்று, அந்தப் பேச்சு பஸ் ஸ்டாண்டிலேயே அவன் காதில் விழும். அவனாவது தன்னை நம்ப வேண்டும். மற்றவர்கள் எப்படியோ போகட்டும்.

லூர்துமேரி பிறந்தது பெருமுக்கல் பக்கம். விவசாயக் கூலிக் குடும்பம். மரியதாஸைக் கட்டிக்கொண்டு மரக்காணத்துக்கு வந்தபோது உப்பளத்தை அவள் தூரத்திலிருந்துகூடப் பார்த்ததில்லை. அவன் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிற ஆள். தோள் இரண்டும் கல் மாதிரி. ‘தானே’ புயல் அடித்த அன்று கழுத்தளவு தண்ணீரில் அவளை ஒரு தோளிலும் பிள்ளையை மறு தோளிலும் தூக்கிக்கொண்டு சர்ச் வரைக்கும் நடந்தவன் அவன்தான். அதே கைதான் அவளுடைய இடது காதைச் செவிடாக்கியது. இரண்டு கடைவாய்ப் பல்லை எடுத்தது. குழம்பில் உப்புக் கூடிப்போனது என்று ஒரு பெரிய வியாழனன்று தலைமுடியைப் பிடித்து உப்புப் பாத்திவரை இழுத்துப் போய், "இந்தா, எவ்ளோ வேணுமோ தின்னு" என்று முகத்தை உப்பு நீரில் அமுக்கியது. நிற்காமல் அமுக்கினான். பக்கத்துப் பாத்தியில் வேலை செய்த மங்கம்மா உப்பு வாரும் பலகையால் அவன் முதுகில் ஓங்கிப் போட்ட பிறகுதான் விட்டான். பலகை இரண்டாக உடைந்தது. அவன் திரும்பி மங்கம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

பையன் குறுக்கே விழுந்த ஒருநாள், தூக்கிச் சுவரில் எறிந்தான். தோள்பட்டை எலும்பு விட்டுப்போனது. கட்டுப் பிரித்த கையோடு லூர்துமேரி அவனை ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அதன் பிறகு அவன் வீட்டுக்கு வந்ததெல்லாம் விருந்தாளி மாதிரிதான்.

மங்கம்மா அவளுக்கு உயிரைக் காப்பாற்றியதோடு வேலையும் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் பாத்தியில் இறங்கப் போனவளைக் கரையில் உட்கார வைத்து, முழங்கால் வரைக்கும் தேங்காயெண்ணெயை வழியவழியத் தேய்த்துவிட்டாள். உப்பளத்து வழக்கம் அது. எண்ணெய் தடவாத காலை உப்பு நீர் அரித்துவிடும். பாளம் பாளமாக வெடிக்கும். வேலை முடிந்து கரையேறியதும் வெடிப்பில் நல்ல தண்ணீரை ஊற்றக் கூடாது, உயிர் போகிற மாதிரி எரியும். முதலில் எண்ணெய், அது ஊறின பிறகுதான் தண்ணீர். "எது கடிச்சாலும் எண்ணெய வையி. எண்ணெய்க்கு மிஞ்சின மருந்து கெடையாது," என்பாள் மங்கம்மா. உப்பளத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாள். லூர்துமேரிக்கு அது வேத வாக்கியம் போல ஊறிப்போனது.

மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அப்படி ஒரு மழைக்காலத்தில் மகளிர் குழுப் பெண்களைத் திண்டிவனத்துக்குக் கூட்டிப் போய்ச் சோப்பு செய்யக் காட்டிக்கொடுத்தார்கள். போன இருபது பேரில் பத்தொன்பது பேர் சாப்பாட்டையும் கொடுத்த பையையும் மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். லூர்துமேரி தொழிலைக் கொண்டுவந்தாள்.

அந்தத் தெருவுக்கு வரும் தண்ணீர் உவர்ப்பு. கடைச் சோப்பைத் தேய்த்தால் நுரை எழும்பாது, வெள்ளைத் திரியாக முடியில் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெயில் காய்ச்சாமல் கலந்து செய்கிற சோப்புக்கு அந்தத் தண்ணீரிலும் நுரை வந்தது. அதில் ஒரு கை உப்பையும், வெடிப்புக்காகக் கொஞ்சம் வேப்பெண்ணெயையும் சேர்த்தாள். கட்டி கருங்கல் மாதிரி இறுகியது. உப்பளத்துப் பெண்கள் முதலில் கேலியாக வாங்கினார்கள்; பிறகு கேட்டு வாங்கினார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டாள். பகல் வேலை முடிந்து வந்து அங்கேதான் இருப்பாள்.

பக்கெட்டில் தண்ணீரை ஊற்றி, காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். வெள்ளை வெளேரென்று உப்புப் பொரி போல இருக்கும். தண்ணீர் பட்டதும் அதற்குப் பேய் பிடிக்கும். நெருப்பில்லாமல் கொதிக்கும், மூக்கைப் பிடுங்குகிற ஆவி எழும்பும், பக்கெட்டின் பக்கத்தில் கையை வைக்க முடியாது. அவள் அதைக் காரத்தண்ணி என்பாள். ஆறவிட்டு எண்ணெயில் ஊற்றி மரத்துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்தால், பிடித்த பேய் மெல்ல மெல்ல இறங்கும். கேழ்வரகுக் கூழ் மாதிரி கெட்டிப்படும். தட்டில் ஊற்றி, இறுகினதும் வில்லை போட்டு, ஒரு மாதம் காற்றாட அடுக்கி வைத்தால் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தேய்க்கலாம்.

இந்த மாற்றத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சலிக்காது. தண்ணீரோடு சேர்ந்தால் கொதிக்கிறது, எண்ணெயோடு சேர்ந்தால் அடங்குகிறது. கையில் ஒரு சொட்டுத் தெறித்தால் அப்படியே எண்ணெய் டின்னில் விரலை விட்டுத் தடவிக்கொள்வாள். பயிற்சியில் தண்ணீரில் கழுவச் சொன்னார்களோ என்னவோ, அவள் காதில் அது விழவில்லை. விழுந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். உப்பளமும் எண்ணெய் என்றது, சோப்புச் சட்டியும் எண்ணெய் என்றது. சின்னச் சின்னத் தெறிப்புகள், இரண்டு நாளில் பொருக்குத் தட்டி ஆறிப்போயின. முன்கையில் வெள்ளைப் பொட்டுகளாக அவை நின்றன. அவள் நம்பியது பொய் என்று அந்தக் கை ஒருநாளும் சொல்லவில்லை.

மரியதாஸுக்கு அந்தக் கொட்டகை ஆகவில்லை. சோப்பு விற்றதால் வந்த ஆத்திரம் இல்லை அது. பெண்கள் அங்கே கூடிச் சிரிப்பார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் வெளியே அவன் பீடி குடித்துக்கொண்டு நிற்பான். போதாததற்கு லாரி ஸ்டாண்டில் அவனுக்கு சோப்புக்காரி புருசன் என்று பெயர் விழுந்துவிட்டது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை மத்தியானம், குடிக்கிற இடத்தில் ஒருவன் கேட்டிருக்கிறான், என்ன மரியதாஸு, பளபளன்னு வர்ற, பொண்டாட்டி தேய்ச்சு உட்டு அனுப்புனாளா என்று. இன்னொருவன், இவன வெளுக்க அவ சோப்பெல்லாம் பத்தாதுடா என்றிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள். மரியதாஸும் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து வீட்டுக்கு நடந்தான்.

லூர்துமேரி அப்போதுதான் சோடாவைத் தூவி முடித்து, பக்கெட்டை ஆறட்டும் என்று ஸ்டூல்மேல் வைத்திருந்தாள். தகரக் கதவு உள்ளே வந்து விழுந்தது. அவன் முதலில் அவளைத் தொடவே இல்லை. அடுக்கியிருந்த சோப்புகளைத் தட்டோடு கவிழ்த்து, ஒவ்வொன்றாக மிதித்தான். எண்ணெய்ச் சட்டியை உதைத்தான். பிறகுதான் துடுப்பை எடுத்தான். முதல் அடி வாயில் விழுந்தது. இரண்டாவது மூக்கில். ரத்தம் வாய்க்குள் இறங்கியது. அவள் சுருண்டு விழுந்ததும் முடியைச் சுருட்டிப் பிடித்துத் தலையைத் தரையில் மோதினான். "சிரிங்கடி," என்று சொல்லிச் சொல்லி மோதினான். "சிரி. இப்ப சிரி." விலாவில் மிதித்தான். ஏதோ முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது.

அப்புறம் அவன் கண் பக்கெட்டின் மேல் போனது. ஆவி இன்னும் அடங்கவில்லை. அது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

"இத உன் மூஞ்சில ஊத்துறேன். அப்புறம் எவ வந்து உன்கிட்ட சோப்பு வாங்குறான்னு பாக்குறேன்."

இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினான். மூட்டை தூக்கிப் பழகிய கை, பக்கெட் அவனுக்குப் பஞ்சு. ஆனால் தரை முழுக்க எண்ணெயும் நசுங்கிய சோப்பும். ஓர் அடி முன்னால் வைத்தான். கால் வழுக்கியது. மல்லாந்து விழுந்தவன் முகத்தின் மேலேயே பக்கெட் கவிழ்ந்தது.

அவன் கத்திய கத்து மனுசக் குரலாக இல்லை. அடுத்த வீட்டு மங்கம்மா, பன்றி அறுக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாளாம். கண்ணையும் கழுத்தையும் பிறாண்டிக்கொண்டு தரையில் புரண்டான். பிறாண்டிய இடத்தில் தோல் விரலோடு வந்தது.

செத்துத் தொலையட்டும் என்று லூர்துமேரி எத்தனையோ தடவை மாதாவிடம் முழங்காலிட்டு வேண்டியிருக்கிறாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணெதிரே ஓர் உடம்பு வேகிறபோது வேண்டுதல் ஞாபகத்துக்கு வரவில்லை. கைதான் ஓடியது. உடைந்த விலாவோடு தவழ்ந்து போய், மூலையில் இருந்த எண்ணெய் டின்னை இழுத்து வந்தாள். அப்படியே கவிழ்த்தாள். முகத்தில், கழுத்தில், மார்பில், இரண்டு கையாலும் வாரி வாரித் தேய்த்தாள். "அடங்கிடும், அடங்கிடும், கண்ணத் தொறக்காத," என்றாள். சோப்புக் கலக்கும்போது சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அடிப்பதற்காகப் பிடிக்கவில்லை.

மங்கம்மா குடத்தோடு ஓடி வந்தாள். பின்னாலேயே தெருவும் வந்தது. மங்கம்மா குடத்தைச் சாய்க்கப் போனபோது லூர்துமேரி எழுந்து நின்று கத்தினாள். வாயெல்லாம் ரத்தம்.

"தண்ணி ஊத்தாதீங்க! தண்ணி வேணாம்!"

குடத்தைப் பிடுங்கித் தள்ளினாள். அது உருண்டு, தண்ணீர் வாசலில் ஓடியது. இன்னொருத்தி வாளி கொண்டுவந்தாள், அதையும் தட்டிவிட்டாள். காஸ்டிக் சோடாவில் தண்ணீர் பட்டால் எப்படிக் கொதிக்கும் என்று அந்தத் தெருவில் அவளைப்போல் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. வாயிலிருந்து வந்ததென்னவோ தண்ணி வேணாம் என்பது மட்டும்தான். கொதிக்கும் என்பதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்ல நேரம் இருந்ததா என்றும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் வருகிறவரை அவள் அவன்மேல் எண்ணெய் தேய்த்துக்கொண்டும், கிட்ட வந்தவர்களைத் தள்ளிக்கொண்டும் இருந்தாள். தெரு முழுக்கப் பார்த்தது.

ஆம்புலன்ஸ் போனதும் மயங்கி விழுந்தாள். அவள் கைகள் வெந்திருப்பதைப் பார்த்து மங்கம்மா இரண்டு கையையும் தண்ணீர்க் குடத்துக்குள் அமுக்கிப் பிடித்திருந்தாள். அது லூர்துமேரிக்குத் தெரியாது. கண் விழித்தபோது உள்ளங்கை புண்ணாகியிருந்ததே தவிர, கை கையாக இருந்தது. எண்ணெயில் கிடந்த கை, அதனால்தான் தப்பித்தது என்று எண்ணிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் மரியதாஸைப் பார்த்த டாக்டர் ஒருவர், எண்ணெய் ஊற்றினது யார், தண்ணீரில் கழுவியிருந்தால் இவ்வளவு ஆழம் போயிருக்காதே என்று கேட்டபோதுகூட, அவர் தீக்காயத்தைப் பற்றிப் பேசுகிறார், காரத்தண்ணியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

போலீஸ் வந்தது. பெண் எஸ்.ஐ. ஒருவர், மரியாதையாகத்தான் கேட்டார், சோப்பு செய்யுற உங்களுக்கு என்ன ஊத்தணும்னு தெரியாதா என்று.

"தெரியும்னுதாம்மா ஊத்துனேன்," என்றாள் லூர்துமேரி.

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். ஊரைவிட்டு எங்கேயும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கெட்டையும் டின்னையும் சாக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

இதில் வேடிக்கை, அவளைத் திட்டியவர்களைவிடப் பாராட்டியவர்கள்தான் அதிகம். கொழுந்தன் ஒருவன்தான் கொலைகாரி என்றான். உப்பளத்துப் பெண்கள் முட்டையும் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோளை அழுத்திவிட்டுப் போனார்கள். புருசனிடம் அடி வாங்குகிற ஒருத்தி, நின்று லூர்துமேரியை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். மங்கம்மாவிடம் மட்டும் உடைத்துச் சொன்னாள் லூர்துமேரி, நான் காப்பாத்தத்தான் பாத்தேன் என்று. மங்கம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"அப்பிடியே சொல்லு. போலீஸ்ல, கோர்ட்ல, எங்க கேட்டாலும் அப்பிடியே சொல்லு. நாங்களும் அதத்தான் சொல்லப் போறோம்."

"ஏ மங்கம்மா, நான் நெசமாதான் சொல்றேன்."

"ஆமாடி. நெசம் மாதிரியே இருக்குது."

அதன் பிறகு லூர்துமேரி யாரிடமும் சொல்லவில்லை. மகன் வரட்டும் என்று இருந்தாள்.

செத்த செய்தி வந்த அன்று, பதினொரு மணி பஸ்ஸில் அந்தோணிராஜ் வந்து இறங்கினான். அழவில்லை. பையை வைத்த கையோடு வேலையில் இறங்கினான். பிரேதப் பரிசோதனை முடிந்து சாயங்காலத்துக்குள் கொடுத்துவிடுவார்கள் என்றார்கள். பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, சர்ச்சில் மணி அடிக்கச் சொல்வது என்று எல்லாவற்றையும் போனிலேயே முடித்தான். தாயைக் கூப்பிட்டு மாத்திரை சாப்பிட்டாளா என்று கேட்டான். அவள் ஆரம்பித்தபோதெல்லாம், அப்புறம் பேசிக்கலாம்மா என்றான். தெரியாதவர்களுக்குப் பொறுப்பான பிள்ளையாகத் தெரிந்தான். அவளுக்குத் தெரியும், அவன் தன் கண்ணைப் பார்க்கவில்லை.

மத்தியானம் சமையலறைக்குள் அவனைத் தனியாகப் பிடித்தாள். கதவை முதுகால் சாத்தினாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். துடுப்பு, பக்கெட், எண்ணெய், குடம். அவன் பொறுமையாகக் கேட்டான். கேட்டு முடித்து, கட்டுப் போட்ட அவள் இரண்டு கையையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"நான் உன்ன ஒண்ணும் கேக்கலம்மா. நீ பண்ணது சரிதான். ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டு தெனம் நான் வேண்டிக்கிட்டதுதான். நீ பண்ணலன்னா என்னைக்காவது நான் பண்ணியிருப்பேன்."

"டேய். நான் பண்ணலடா."

"சரிம்மா."

"சரின்னு சொல்லாத. நான் கொல்லல. எண்ணெய் ஊத்துனா அடங்கிடும்னு ஊத்துனேன்."

"சரிம்மா. நம்புறேன். விடு."

நோயாளியிடம் பேசுகிற குரல். அப்படியே குனிந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தான். கொழுந்தன் கொலைகாரி என்றதை அவளால் தாங்க முடிந்தது. மகன் கொலைகாரி என்று நினைத்து முத்தம் கொடுத்ததைத் தாங்க முடியவில்லை. இனி சாகிறவரைக்கும் இவன் இப்படித்தான் பார்த்துக்கொள்வான். அன்பாக, பத்திரமாக, அப்பனைக் கொன்ற தாயை.

அவள் அவனை விலக்கிவிட்டு அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். போலீஸ் கொட்டகையைத்தான் துழாவியது. சாக்கடை அடைத்தால் போடுவதற்கென்று ஊறுகாய் பாட்டில் ஒன்றில் கொஞ்சம் காஸ்டிக் சோடா எடுத்து வைத்திருந்தாள். விரல்களால் மூடியைத் திருகினாள். என்னம்மா தேடுற என்று அவன் கேட்பதற்குள் ஒரு ஸ்பூன் சோடாவை இடது முன்கையில் கட்டுக்கு மேலே இருந்த வெறுந்தோலில் கொட்டி, டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து அதன்மேல் உதறினாள்.

"பாரு," என்றாள். "இப்ப எரியுது. நல்லா எரியுது. பாத்துக்க."

அவன் பாய்ந்து வந்தான். அவள் வலது கையை நீட்டி அவனைத் தடுத்தாள். பொரி கரைந்து வழவழப்பானது. அதைச் சுற்றித் தோல் சிவந்து, பிறகு வெளுத்தது. அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டே எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, அந்தக் கையில் வழியவழிய ஊற்றினாள். விரல் நுனியால் தேய்த்தாள்.

"இப்ப அடங்கும். கொஞ்சம் பொறு."

சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். கை மடியில். அவள் முகத்தில் வலி இருந்தது, ஆனால் பயம் இல்லை. பஸ் வருமென்று தெரிந்து நிற்கிறவள் போல இருந்தாள். உதடு அருள் நிறைந்த மரியே சொன்னது. முதல் செபம் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. வெளியே பந்தல்காரர்கள் மூங்கிலை இறக்கிப் போடும் சத்தம்.

அடங்கவில்லை. எண்ணெய்க்கு அடியில் அது இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் புருவம் சேர்ந்தது. குனிந்து கையைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினாள். மறுபடி பார்த்தாள். தோலின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு குழி விழுந்திருந்தது. அவள் வாய் திறந்துகொண்டது. கத்தவில்லை. கூட்டல் கணக்கில் எங்கேயோ தப்பு விட்டுவிட்ட பிள்ளையைப் போல விழித்தாள்.

"இல்லியே," என்றாள். "அடங்கணுமே."

அந்த முகத்தைத்தான் அந்தோணிராஜ் பார்த்தான். நடிப்பதற்கு யாராலும் முடியாத முகம். அவன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிறு வயதில் சுவரில் போய் மோதியபோது வந்த சத்தம் அது. அவளை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு பின்பக்கம் ஓடினான். தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் உட்கார வைத்து, முழங்கையைப் பிடித்துக்கொண்டு மொண்டு மொண்டு ஊற்றினான். சட்டை, பேன்ட், அவள் சேலை, எல்லாம் நனைந்தன. அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவன் பிடியை விடவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான்.

ஊற்ற ஊற்ற எரிச்சல் இறங்கியது. தண்ணீர் கொதிக்கவில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்ப அன்னிக்கு... மங்கம்மா கொண்டாந்தாளே."

"கைய நீட்டும்மா."

"அந்தக் கொடத்த ஊத்தியிருந்தா பொழைச்சிருப்பாரா?"

பொய் சொல்லலாமா என்று அவன் ஒரு கணம் யோசித்தது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. மொண்ட தண்ணீரை மெதுவாக ஊற்றினான்.

"உனக்குத் தெரியலம்மா," என்றான். "உனக்கு நெசமாவே தெரியல."

அவள் கேட்க ஏங்கியது அதுதான். மூன்று நாளாக ஒருவராவது சொல்ல வேண்டுமென்று காத்திருந்த வார்த்தை. அது வந்துவிட்டது. அது வந்த பிறகுதான் லூர்துமேரி மார்பில் அடித்துக்கொண்டு, புருசனுக்காக, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, முதல் முறையாகக் கதறினாள். மங்கம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து, நல்லாத்தான் அழுவுறா என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, பிறகு அவள் கையைப் பார்த்தாள். பார்த்ததும் தலை ஆடுவது நின்றுபோனது.

அந்தோணிராஜின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கச் சொல்லி அவன் காலையில் அப்பாவின் படத்தை அனுப்பியிருந்த கடைக்காரர். பெயர் போட்டாயிற்று, மறைவு தேதி போட்டாயிற்று, தோற்றம் என்ற இடத்தில் எந்தத் தேதி போடுவது என்று கேட்கத்தான் கூப்பிட்டார். ஒரு கையில் தாயின் முழங்கை, மறு கையில் மக். அவன் போனை எடுக்கவில்லை. நாலு மணிக்கு உடல் வந்தது. அந்தி சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது. அந்தத் தேதியைச் சொல்ல அவன் கடைக்குத் திரும்பக் கூப்பிடவே இல்லை; பேனர் அடிக்கப்படவில்லை.